விழாத கோல்களின் கணக்கு

மான்ட்ரியல் என்றதும் நம் ஹாக்கி ரசிகர்களுக்கு 1976 ஒலிம்பிக்தான் நினைவுக்கு வரும், கசப்போடு. மெக்கில் பல்கலைக்கழகத்தின் மோல்சன் மைதானத்தில், ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஹாக்கி ஆடினார்கள். முந்தைய ஆண்டுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த இந்தியா ஏழாம் இடத்துக்குச் சரிந்தது. 1928இல் தொடங்கிய பதக்க வரிசை அங்கே அறுந்தது. அந்த அணிக்குக் கேப்டன் அஜித்பால் சிங். தமிழ்நாட்டின் வாசுதேவன் பாஸ்கரனும் அதில் ஆடினார்.

அஜித்பால் ஆடிய இடம் சென்டர் ஹாஃப். தற்காப்புக்கும் தாக்குதலுக்கும் நடுவில் நிற்கிறவர். எதிரணியின் நகர்வை உடைப்பதும் அவர் வேலை, உடைத்த கையோடு பந்தை முன்வரிசைக்கு அனுப்புவதும் அவர் வேலை. கோல் அடித்தவர்கள் பட்டியலில் அவரைத் தேடிப் பயனில்லை. ஆனாலும் அந்தக் காலத்து ஆட்டத்தைப் பார்த்தவர்கள் முதலில் சொல்லும் பெயர்களில் அவருடையதும் ஒன்று. இதே வேலையைப் பனித்தளத்தின் மேல், மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் செய்கிறவரை ஐஸ் ஹாக்கியில் 'டூ-வே சென்டர்' என்கிறார்கள். தன் கோல் அருகேயும் ஆடுவார், எதிரணியின் கோல் அருகேயும் ஆடுவார்.

மான்ட்ரியல் ஐஸ் ஹாக்கியின் தாய்வீடு. 1875 மார்ச் 3 அன்று ஜேம்ஸ் கிரைட்டன் என்பவர் ஏற்பாடு செய்து, உள்ளரங்கில் விதிகளோடு நடந்த முதல் ஆட்டம் இங்கே விக்டோரியா ஸ்கேட்டிங் அரங்கில்தான் நடந்தது. வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.எச்.எல்.லின் இன்றைய தளத்தின் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் ஏறக்குறைய அந்த அரங்கின் அளவுதான். என்.எச்.எல். பிறந்ததும் 1917இல் இந்நகரின் வின்ட்சர் ஹோட்டலில். 1909இல் தொடங்கிய இந்நகரின் கனேடியன்ஸ் அணி, சாம்பியன் பட்டமான ஸ்டான்லி கோப்பையை 24 முறை வென்றிருக்கிறது. வேறெந்த அணியும் அருகில்கூட இல்லை. இவ்வளவு பெருமை கொண்ட அணி 1993க்குப் பிறகு இறுதிச்சுற்றை எட்டியது ஒரே ஒருமுறை, 2021இல். அந்த ஆண்டின் கதையில்தான் டூ-வே சென்டர் பற்றிய புதிர் ஒளிந்திருக்கிறது.

ஃபிலிப் டனோ, கியூபெக் மாகாணத்தின் 'விக்டோரியாவில்' என்ற சிறுநகரைச் சேர்ந்த சென்டர். அந்தப் பருவத்தில் கனேடியன்ஸுக்காக 53 ஆட்டங்களில் 5 கோல்தான் அடித்தார். கோப்பைக்கான பிளே-ஆஃப் முதல் சுற்றில் எதிரணி டொரான்டோ. அந்த அணியின் ஆஸ்டன் மாத்யூஸ் 52 ஆட்டங்களில் 41 கோல் அடித்து லீக்கிலேயே முதலிடத்தில் இருந்தவர். அவருக்குப் பக்கத்தில் மிட்ச் மார்னர், பாஸ் கொடுப்பதில் மன்னன். இந்த இருவரையும் கவனிக்கும் வேலை டனோவிடமும் அவருடைய இரு விங்கர்களிடமும் வந்தது. ஏழு ஆட்டங்கள் முடிந்தபோது மாத்யூஸ் அடித்தது ஒரு கோல். மார்னர் ஒன்றும் அடிக்கவில்லை. 3-1 என்று தொடரில் பின்தங்கியிருந்த மான்ட்ரியல், கடைசி மூன்று ஆட்டங்களையும் வென்று மேலே போனது. பிளே-ஆஃப் முழுவதிலும் 22 ஆட்டங்கள் ஆடிய டனோவின் கோல் கணக்கு: ஒன்று.

அந்த ஜூலையிலேயே லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணி அவரை ஆறு ஆண்டுகளுக்கு 3.3 கோடி டாலர் ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. 22 ஆட்டங்களில் ஒரு கோல் போட்டவருக்கு இத்தனை பணம் ஏன்? அந்த அணியின் மேலாளர்கள் எதை விலைகொடுத்து வாங்கினார்கள்?

அதைப் புரிந்துகொள்ள ஆட்டத்தின் வடிவியலிலிருந்து தொடங்க வேண்டும். ஐஸ் ஹாக்கியில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். கோல்கீப்பர், இரண்டு டிஃபென்ஸ் வீரர்கள், இரண்டு விங்கர்கள், ஒரு சென்டர். எதிரணி 'பக்' என்ற ரப்பர் வட்டைக் கொண்டு நம் எல்லைக்குள் வந்துவிட்டால், விங்கர்கள் இருவரும் வழக்கமாக மேலே, நம் எல்லை தொடங்கும் நீலக்கோட்டின் பக்கம் நிற்கும் எதிரணி டிஃபென்ஸைக் கவனிப்பார்கள். டிஃபென்ஸ் வீரர்கள் இருவரும் கோல் அருகேயும் மூலைகளிலும் போராடுவார்கள். சென்டர்தான் மூன்றாம் ஆளாக இறங்கி வந்து, கோலுக்கு நேர் எதிரே உள்ள பகுதியைக் காக்க வேண்டும். அதை 'ஸ்லாட்' என்பார்கள்.

ஸ்லாட் ஏன் இத்தனை முக்கியம்? கோலின் அகலம் 1.83 மீட்டர். கோலுக்கு நேர் எதிரே 6 மீட்டர் தூரத்தில் நிற்கிறவரின் கண்ணுக்கு இரு கம்பங்களும் சேர்ந்து ஏறக்குறைய 17 டிகிரி கோணத்தை விரிக்கின்றன. அதே ஆளை, கோல்கோட்டிலிருந்து அதே 6 மீட்டர் தூரத்தில், ஆனால் 9 மீட்டர் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் கோணம் 5 டிகிரி சொச்சமாகச் சுருங்குகிறது. குறி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது, தூரமும் 11 மீட்டரை நெருங்கிவிட்டது. நேரத்தைப் பாருங்கள். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் அடித்த பக், 6 மீட்டரை 0.14 விநாடியில் கடக்கும். கண்ணால் பார்த்து உடல் அசையவே மனிதருக்கு ஏறக்குறைய 0.2 விநாடி ஆகும். ஆக, ஸ்லாட்டிலிருந்து வரும் அடியைக் கோல்கீப்பர் பார்த்துத் தடுப்பதில்லை. முன்கூட்டியே சரியான இடத்தில் நின்றிருந்தால் பக் அவர்மேல் படும், அவ்வளவுதான். 18 மீட்டரிலிருந்து வரும் அடிக்கு 0.43 விநாடி கிடைக்கும். அங்கேதான் கோல்கீப்பரின் கைத்திறன் பேசும்.

இப்போது டனோ செய்த வேலை தெரிகிறது அல்லவா? மாத்யூஸ் ஆடாமல் இருக்கவில்லை. அவர் அடிக்கத்தான் செய்தார். ஆனால் தனக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய கணத்தில் பக் கைக்குக் கிடைப்பது அரிதாயிற்று. சென்டரின் ஸ்டிக் பாஸ் வரும் பாதையில் கிடந்தது. தோள் அவரை ஓரடி, ஈரடி என்று வெளியே நகர்த்தியது. அந்த ஓரடியும் ஈரடியும் மறுநாள் பத்திரிகையின் புள்ளிப்பட்டியலில் எங்கும் ஏறுவதில்லை.

இது பாதி வேலைதான். டூ-வே என்ற சொல்லுக்கு உரியவராக இருக்க வேண்டுமானால், பறித்த பக்கை அவர் வெளியே கொண்டுபோகவும் வேண்டும். வேதியியலில் முனைவர் பட்டம் பெற்று, பொழுதுபோக்காக ஹாக்கிப் புள்ளிவிவரங்களில் இறங்கி, இன்று கரோலைனா அணியின் பொது மேலாளராக இருக்கும் எரிக் டல்ஸ்கி, 2013இல் தம் கூட்டாளிகளோடு ஓர் ஆய்வை முன்வைத்தார். எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையையும் வீடியோவில் பார்த்துக் குறித்துவைத்த ஆய்வு. பக்கைச் சுவர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிட்டுத் துரத்துவதைவிட, ஸ்டிக்கிலேயே வைத்துக்கொண்டு உள்ளே போனால் இரண்டு மடங்குக்கும் மேலாக அடிகள் கிடைக்கின்றன என்று அது காட்டியது. நடுத்தளத்தில் பக்கை ஸ்டிக்கில் வைத்துக்கொண்டு நகர வழி தேடும் பொறுப்பு பெரும்பாலும் சென்டருடையது. தன் எல்லையில் பக்கைப் பறித்தவரே அதை அலட்டிக்கொள்ளாமல் எதிரணியின் நீலக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசென்றால், எதிரணியின் முன்வரிசை மூவரும் அப்போது தவறான பக்கத்தில் சிக்கியிருப்பார்கள். தடுப்பும் தாக்குதலும் அங்கே ஒரே செயல்தான்.

உடலுக்கு இது என்ன விலை? ஐஸ் ஹாக்கியில் ஒருவர் ஒரே மூச்சில் ஆடுவது ஏறக்குறைய 45 விநாடி. அதை ஒரு ஷிஃப்ட் என்பார்கள். முதல் சில விநாடிகளுக்குத் தசையில் சேமித்து வைத்திருக்கும் பாஸ்போகிரியேட்டின் போதும். அது தீர்ந்ததும் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைக்கும் வழிக்குத் தசை மாறுகிறது. அதன் விளைவாகத் தசையில் அமிலம் கூடி, கால் கனக்கத் தொடங்கும்போது ஷிஃப்ட் முடிந்திருக்க வேண்டும். பெஞ்சில் உட்காரும் சில நிமிடங்களில் மூச்சு வாங்கி வாங்கித்தான் அந்தச் சேமிப்பு மறுபடி நிரம்பும். இரு முனைக்கும் ஓடுகிற சென்டர் எல்லாரையும்விட அதிகம் செலவழிக்கிறார்.

அந்தச் செலவு எங்கே போகிறது என்பதற்கு ஒரு சின்னக் காட்சி போதும். 90 கிலோ எடையுள்ள வீரர் விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் வந்தால் அவரிடம் உள்ள இயக்க ஆற்றல் சுமார் 2,900 ஜூல். அவர் தன் எல்லைக்குள் வந்து திரும்ப வேண்டும். வளைந்து திரும்பினால் வேகம் பெரும்பாலும் மிஞ்சும், ஆனால் அந்த வளைவில் எதிராளி கோலுக்கும் இவருக்கும் நடுவே நுழைந்துவிடுவார். ஸ்கேட் இரண்டையும் குறுக்கே திருப்பி, பனித்தூள் பறக்க நின்றால் நிலை தப்பாது, ஆனால் 2,900 ஜூலும் பனியில் போயிற்று. அடுத்த ஓட்டத்துக்கு அதை மீண்டும் தசையிலிருந்து எடுக்க வேண்டும். சிறுவர் அணிகளின் பயிற்சியாளர்கள் தொண்டை கிழியக் கத்துவது பெரும்பாலும் இதற்காகத்தான்: வளையாதே, நில்! கோல் அடிப்பதில் மட்டும் மனம் உள்ளவர் வளைவார். டூ-வே சென்டர் நிற்பார். ஆட்டம் முழுவதும், ஒவ்வொரு முறையும் நிற்பார்.

உடலோடு மூளையும் சேர வேண்டும். மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தின் பார்வையளவியல் பள்ளியைச் சேர்ந்த ஜோஸ்லின் ஃபோபேர் 2013இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்துகிறது. திரையில் முப்பரிமாண வெளியில் எட்டு உருண்டைகள் மிதக்கும். அவற்றில் நான்கு ஒருகணம் அடையாளம் காட்டப்பட்டு, பிறகு மற்றவற்றோடு கலந்துவிடும். மோதித் திரும்பிச் சுற்றும் அந்த நான்கையும் கண்ணை எடுக்காமல் பின்தொடர வேண்டும். 102 தொழில்முறை வீரர்கள் இதைச் செய்தார்கள். அவர்களில் என்.எச்.எல். ஆட்டக்காரர்களும் இங்கிலாந்துக் கால்பந்து வீரர்களும் பிரெஞ்சு ரக்பி வீரர்களும் இருந்தார்கள். உயர்மட்ட அமெச்சூர் வீரர்களும் விளையாட்டுப் பக்கமே போகாத மாணவர்களும் அதே சோதனையைச் செய்தார்கள். திரையில் பந்தும் இல்லை, மைதானமும் இல்லை. விளையாட்டின் வாசனையே இல்லாத வெறும் உருண்டைகள். அப்படியும் தொழில்முறை வீரர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக வேகமாகக் கற்றார்கள். இந்தப் பயிற்சியை எடுத்தால் ஆட்டம் மேம்படும் என்று இதிலிருந்து முடிவுகட்டிவிடக் கூடாது. அது வேறு கேள்வி. ஆனால் ஒரே நேரத்தில் பலருடைய நகர்வை மனத்தில் வைத்திருக்கும் திறன் உயர்மட்ட ஆட்டக்காரரின் அடையாளம் என்பதற்கு நல்ல சான்று. சென்டருக்கு அது உயிர்நாடி. முன்னும் பின்னும் ஆள் இருக்கிற இடம் அவருடையது.

உடலும் மூளையும் சேர்ந்த இந்த வேலையை 1993 இறுதிச்சுற்றில் உலகமே பார்த்தது. எதிரில் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ், அதன் கேப்டன் வெய்ன் கிரெட்ஸ்கி. அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில் டொரான்டோவில் மூன்று கோல் அடித்துவிட்டு நேரே மான்ட்ரியல் ஃபோரத்துக்கு வந்திருந்தார். முதல் ஆட்டத்தில் கிங்ஸ் 4-1 என்று வென்றது. நான்கு கோலிலும் கிரெட்ஸ்கியின் கை இருந்தது. அன்று அவரைத் தனியாகக் கவனிக்க யாரையும் நிறுத்தவில்லை. கனேடியன்ஸ் கேப்டன் கீ கார்பொனோ பயிற்சியாளர் ஜாக் டெமெரிடம் போய், அடுத்த ஆட்டத்திலிருந்து கிரெட்ஸ்கியை என்னிடம் விட்டுவிடுங்கள் என்று கேட்டார். டெமெர் சரி என்றார்.

கிரெட்ஸ்கியின் பலம் பாஸ். பக் அவர் ஸ்டிக்கில் வந்து சேர்ந்த பிறகு நெருங்குவதில் பயனில்லை, அதற்குள் அது வேறொருவர் ஸ்டிக்கில் இருக்கும். ஆகவே அவருக்கு வரும் பாஸை மறிக்க வேண்டும், அவர் வழக்கமாகக் கடைவிரிக்கும் கோலின் பின்புறத்துக்கு அவருக்கு முன்பே போய்ச் சேர வேண்டும். சொந்த அரங்கில் ஆடும் அணிக்கு, ஆட்டம் நிற்கும்போதெல்லாம் எதிரணியின் வீரர்களைப் பார்த்துவிட்டுக் கடைசியாக ஆள் மாற்றும் உரிமை உண்டு. கிரெட்ஸ்கி இறங்கினால் கார்பொனோவும் இறங்குவார். இரண்டாம் ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் கிங்ஸ் வீரர் மார்ட்டி மெக்ஸோர்லியின் ஸ்டிக் அளவுக்கு மீறி வளைந்திருந்தது பிடிபட்டதும், எரிக் டெஷார்டன் மூன்று கோல் அடித்து ஓவர்டைமில் வெற்றி தேடித் தந்ததும் இன்றும் பேசப்படுகின்றன. அதற்குப் பிறகு மூன்று ஆட்டங்களில் இரண்டு ஓவர்டைமுக்குப் போயின, மூன்றையும் மான்ட்ரியல் வென்றது. ஜூன் 9 அன்று கோப்பை கைக்கு வந்தது. கனடா மண்ணில் இருக்கும் ஓர் அணி கடைசியாக ஸ்டான்லி கோப்பையை வென்றது அன்றுதான். கோல்கீப்பர் பாட்ரிக் ருவா பிளே-ஆஃபின் சிறந்த வீரர் ஆனார், அதில் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆனால் முதல் ஆட்டத்தில் நான்கு கோலுக்குக் காரணமான ஒருவரை மற்ற நான்கு ஆட்டங்களில் அடக்கியதற்கு எந்தப் பட்டியலில் எண் இருக்கிறது?

கார்பொனோவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கியூபெக் ஜூனியர் லீக்கில் 1979-80இல் அவர் ஒரே பருவத்தில் 182 புள்ளிகள் எடுத்தவர். கோலும் பாஸும் சேர்ந்த கணக்கு அது. அடிக்கத் தெரியாததால் தடுக்கப் போனவர் அல்லர். என்.எச்.எல்.லில் அணிக்குத் தேவைப்பட்டது வேறு வேலை என்றதும் அதை எடுத்துக்கொண்டு, அதில் உச்சம் தொட்டவர். தற்காப்பில் சிறந்த முன்வரிசை வீரருக்கான செல்கி கோப்பையை 1988, 1989, 1992 என்று மூன்று முறை வாங்கினார். 2019இல் புகழ் மண்டபத்திலும் இடம் கிடைத்தது. கோப்பைக்குப் பெயர் கொடுத்த ஃபிராங்க் செல்கி, 1946 முதல் 1964 வரை இதே கனேடியன்ஸின் பொது மேலாளர். விருது 1978இல் தொடங்கியபோது முதல் நான்கு முறையும் அதை வாங்கியவர் கனேடியன்ஸின் விங்கர் பாப் கெய்னி. அந்த அணியில் கெய்னியோடு சென்டராக ஆடிய டக் ஜார்விஸ், நான்கு ஸ்டான்லி கோப்பைகளை வென்றார். தொடர்ந்து 964 ஆட்டங்களில் ஒன்றைக்கூடத் தவறவிடாதவர். அவரும் பின்னாளில் வாஷிங்டனுக்கு ஆடும்போது செல்கி வாங்கினார்.

கண்ணால் கண்டு வியப்பது வேறு, அளப்பது வேறு. நடக்காத ஒன்றை எப்படி அளப்பது? இதிலும் மான்ட்ரியலுக்குத் தனி இடம் உண்டு. 1950களில் கனேடியன்ஸ் நிர்வாகம் தன் உள்கணக்குக்காக ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு வீரர் தளத்தில் இருக்கும்போது நம் அணி கோல் போட்டால் அவருக்குக் கூட்டல் ஒன்று, வாங்கினால் கழித்தல் ஒன்று. 'பிளஸ்-மைனஸ்' என்ற இந்தக் கணக்கைப் பின்னாளில் லீக் முழுவதும் ஏற்றுக்கொண்டது. எளிய யோசனை, ஆனால் ஓட்டை பெரிது. ஓர் ஆட்டத்தில் இரு அணிகளும் சேர்ந்து அடிப்பது ஆறு கோல் அளவில்தான். அதில் ஒருவர் தளத்தில் இருக்கும்போது விழுவது இரண்டோ மூன்றோ. அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் அதிர்ஷ்டமும் கோல்கீப்பரின் திறமையும்தான் அதிகம் தெரியும்.

அடுத்த படிக்கும் ஒரு மான்ட்ரியல்காரரின் பெயர்தான். இங்கே பிறந்த ஜிம் கோர்சி, கோல்கீப்பராக ஆடிப் பிறகு பஃபலோ அணியில் கோல்கீப்பர்களின் பயிற்சியாளராக இருந்தவர். கோலுக்குள் போனது, கோல்கீப்பர் பிடித்தது ஆகியவற்றோடு, குறி தப்பியது, நடுவில் யாரோ தடுத்தது என்று எல்லா அடிகளையும் எண்ணினால்தான் ஒரு கோல்கீப்பரின் உண்மையான வேலைச்சுமை தெரியும் என்பது அவர் எண்ணம். ஆறு கோலுக்குப் பதில் ஓர் ஆட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நிகழ்வுகள்! ஆய்வாளர்கள் இந்த எண்ணிக்கையைக் களவீரர்களுக்குப் பொருத்தி, அதற்கு 'கோர்சி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அதன்பின் ஒவ்வோர் அடிக்கும் தூரம், கோணம், வகை பார்த்து எத்தனை சதவீதம் கோலாகும் வாய்ப்பு என்று மதிப்பிடும் முறை வந்தது. மேலே பார்த்த 17 டிகிரி, 5 டிகிரிக் கணக்கின் வாரிசுதான் அது. கணினிப் பார்வை கொண்டு ஆட்டத்தின் ஒவ்வொரு நகர்வையும் பதிவுசெய்யும் ஸ்போர்ட்லாஜிக் நிறுவனமும் மான்ட்ரியலில் உருவானதே.

இவற்றிலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது, அது டூ-வே சென்டரை நேரடியாகப் பாதிக்கிறது. கடினமான வேலையை அவரிடம்தான் கொடுக்கிறார்கள். எதிரே எப்போதும் மாத்யூஸ், கிரெட்ஸ்கி போன்றவர்கள். ஆட்டம் தொடங்குவதும் பெரும்பாலும் தன் கோல் அருகிலிருந்து. வெறும் எண்களை மட்டும் பார்த்தால் அவர் சராசரி ஆள் போலவே தெரிவார். இதை அவிழ்க்க, பருவம் முழுதும் நடந்த ஆயிரக்கணக்கான ஷிஃப்ட்களில் ஒவ்வொன்றையும் ஒரு சமன்பாடாக எழுதுகிறார்கள். கோல்கீப்பர்கள் நீங்கலாகத் தளத்தில் இருந்த பத்துப் பேரும் பத்து மாறிகள். அந்த ஷிஃப்டில் உருவான வாய்ப்புகளின் வித்தியாசம் விடை. எல்லாவற்றையும் ஒருசேரத் தீர்த்தால், கூட ஆடியவரின் பங்கும் எதிரே ஆடியவரின் பங்கும் பிரிந்து, ஒவ்வொருவருக்கும் உரியது ஓரளவு தெளிகிறது. கிங்ஸ் வாங்கியது இந்த வகை எண்ணைத்தான் என்று நினைக்கிறேன்.

சில பழைய நம்பிக்கைகளும் இந்த அளவீடுகளில் அடிபட்டன. சென்டரின் பெருமை ஃபேஸ்-ஆஃபில் இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். நடுவர் பக்கைப் போட இருவர் பறிக்கிற அந்தக் கணம். மைக்கேல் ஷக்கர்ஸும் அவர் குழுவும் போட்ட கணக்கில், எதிரணியைவிட எழுபதுக்கும் மேற்பட்ட ஃபேஸ்-ஆஃப்களை அதிகம் வென்றால்தான் ஒரு கோல் அளவுக்கு லாபம் வருகிறது. ஒரு கோல் முன்னிலையில், தன் எல்லையில், கடைசி நிமிடத்தில் நடக்கும் ஃபேஸ்-ஆஃபின் கதை வேறு. மற்றபடி, சென்டரின் மதிப்பில் அது சிறு துண்டுதான்.

தடுத்த கோலுக்கும் போட்ட கோலுக்கும் மதிப்பு ஒன்றா? பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் உருவாக்கி, ஹாக்கிக்கும் நன்றாகப் பொருந்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. போட்ட கோலின் வர்க்கத்தை, போட்டதன் வர்க்கமும் வாங்கியதன் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் அணியின் வெற்றி விகிதம் ஏறக்குறைய வந்துவிடும். ஒரு பருவத்தில் 250 போட்டு 220 வாங்கும் நல்ல அணியை எடுத்துக்கொள்வோம். 82 ஆட்டங்களில் 46 வெற்றிக்குச் சற்று மேல் வருகிறது. கூடுதலாகப் 10 கோல் போட்டால் 47.8. அதற்குப் பதில் 10 கோல் குறைவாக வாங்கினால் 48.1. வித்தியாசம் சிறிதுதான். ஆனால் திசை எப்போதும் மாறாது: வாங்குவதைவிட அதிகம் போடும் அணிக்குத் தடுத்த கோல்தான் கொஞ்சம் உசத்தி. கோப்பைக்குப் போட்டியிடும் அணிகள் எல்லாம் அந்த வகை அணிகளே. அடிப்பவரின் சம்பளத்தோடு தடுப்பவரின் சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்த்தால், சந்தை இந்தக் கணக்கை இன்னும் முழுதாக ஏற்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2021 இறுதிச்சுற்றில் டாம்பா பே அணியிடம் மான்ட்ரியல் 4-1 என்று தோற்றது. ஐந்து ஆட்டங்களில் அது அடித்தது மொத்தம் 8 கோல். தடுப்பு அவர்களை இறுதிவரை கொண்டுவந்தது, அடிக்க ஆள் இல்லாமல் அங்கே நின்றுபோனார்கள். டனோ போன பிறகு வந்த 2021-22 பருவத்தில் கனேடியன்ஸ் 55 புள்ளிகளோடு லீக்கில் கடைசி இடத்துக்குப் போனது. அதை முழுக்க அவர் கணக்கில் எழுதுவது நேர்மையாகாது. கோல்கீப்பர் கேரி பிரைஸ் ஏறக்குறைய பருவம் முழுவதும் இல்லை, கேப்டன் ஷே வெபர் அறவே இல்லை, யெஸ்பெரி கொட்கனியெமி என்ற இன்னொரு சென்டரும் அதே கோடையில் கரோலைனாவுக்குப் போய்விட்டார். என்றாலும் கிங்ஸில் டனோ அந்தப் பருவம் 27 கோல் அடித்தார், அதுவரை இல்லாத உச்சம். தடுப்பு வேலைக்கு மட்டும் என்று ஒதுக்கி வைத்திருந்தவரிடம் இத்தனை தாக்குதலும் இருந்திருக்கிறது. மான்ட்ரியல் பாதி சென்டரைத்தான் பயன்படுத்தியது என்பது என் முடிவு.

இப்போது அந்த இடத்தில் நிற்பவர் நிக் சுசுகி. 2022 செப்டம்பரில் கேப்டன் ஆனார். 2024-25 பருவத்தில் 30 கோலும் 59 பாஸுமாக 89 புள்ளிகள் எடுத்தார், என்.எச்.எல்.லுக்கு வந்ததிலிருந்து அதுவரை ஓர் ஆட்டத்தையும் தவறவிட்டதில்லை. எதிரணியின் சிறந்த சென்டருக்கு எதிரே இறங்குவதும் அவர்தான்.

அடுத்த முறை கனேடியன்ஸ் ஆட்டம் பார்க்க வாய்த்தால், ஒரே ஒரு ஷிஃப்டுக்குப் பக்கை விட்டுவிட்டு 14ஆம் எண்ணைப் பாருங்கள். தன் எல்லைக்கு எத்தனை வேகமாகத் திரும்புகிறார், ஸ்லாட்டில் நிற்கிறாரா வளைகிறாரா, அவருடைய ஸ்டிக் யாருடைய பாதையில் கிடக்கிறது என்று கவனியுங்கள். கனடாவில் பிள்ளைகளை ஐஸ் ஹாக்கிக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள்: ஆட்டம் முடிந்து வந்ததும் எத்தனை கோல் போட்டாய் என்று கேட்பதோடு, எத்தனை முறை திரும்பி ஓடினாய் என்றும் கேளுங்கள்.